மடியில் வைத்த சருகுமான்

எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா என்னைப் படமாக எழுதவைத்தார். நீலக் கவுன் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் ஒரு சருகுமானை அணைத்துக்கொண்டிருப்பேன். பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். எனக்கு அந்தப் படத்தை நினைத்தாலே இன்றும் குமட்டும். அந்தச் சருகுமான் என் மடிக்கு வந்தபோது செத்து விறைத்திருந்தது.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங் சாலையை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஆற்றோரத்தில் இருந்த ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனியில் சின்னக் கிராணி, குமாஸ்தா வேலை. அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் இறக்கிய கூலி. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும். வெள்ளைச் சட்டைக்கு அவரே கஞ்சி போட்டு, அவரே தேய்ப்பார். அம்மாவிடம்கூடக் கொடுக்க மாட்டார். மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, கிடைத்த வருஷம் அது. கம்பெனித் துரை வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துரை போனால் மேலே இருப்பவர்கள் ஆளுக்கொரு படி ஏறுவார்கள், பெரிய கிராணியின் நாற்காலி காலியாகும். அதில் யாரை உட்காரவைப்பது என்பதைத் துரைதான் சொல்லிவிட்டுப் போவார்.

துரையின் வீடு உஜோங் பாசிரில் கடலைப் பார்த்தபடி இருந்தது. ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அப்பா ஒருநாள் அங்கே போனார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்.

"தொரை வீட்டு ஹால்ல அவரு மகளோட படம் மாட்டியிருக்காங்க. போட்டோ இல்ல, சாயத்துல எழுதினது. மடியில ஒரு நாய்க்குட்டி. அது கண்ணு நாம போற பக்கமெல்லாம் பாக்குது. யாரு எழுதினதுன்னு நெனைக்கிற? நம்ம ஊரு போர்டு எழுதுற ஆளுதான்."

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற அந்த ஆளை எங்களுக்குத் தெரியும். மூன்று சக்கரத் திரிஷா வண்டிகளின் பக்கத்துப் பலகையில் மயிலும் மலையும் எழுதுவார். துரைசானிக்கு உள்ளூர்க் கைவேலை பிடிக்கும் என்பதால் அவரைக் கூப்பிட்டு மகளைப் படம் எழுதவைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் தவுக்கே என்கிற சீன முதலாளிகள் சிலர் வீடுகளிலும் பிள்ளைகளையும் அவர்கள் வளர்த்த பிராணிகளையும் எழுதச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். ஒரு வீட்டில் பையனும் கிளியும், இன்னொரு வீட்டில் இரட்டைப் பெண்களும் முயலும்.

அந்தத் தீபாவளிக்குத் துரையையும் துரைசானியையும் வீட்டுக்கு அழைப்பது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அவர்கள் வரும்போது எங்கள் முன்னறைச் சுவரிலும் அப்படி ஒரு படம் இருக்க வேண்டும். அப்போது நான் ஒரே பிள்ளை, அதனால் படத்தில் நான். பிராணிக்குத்தான் வழியில்லை. எங்கள் வீட்டில் கோழிகள் மட்டும் இருந்தன.

"கோழிய வெச்சுக்கிறேம்ப்பா" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்கு அறுத்துத் திங்கிறத மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தா பாக்கிறவன் என்ன நெனைப்பான்" என்றார்.

நாய் வேண்டாம், அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள். பூனை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒருநாள் சாயங்காலம் பாசார் சந்தையிலிருந்து ஒரு பிரம்புக் கூடையோடு வந்தார். காட்டில் பொறி வைத்துப் பிடிக்கிற மலாய்க்காரர் ஒருவர் கறிக்காக விற்க வைத்திருந்த சருகுமான் அது. முயலைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. பென்சில் மாதிரிக் கால்கள். கண்கள் மட்டும் அந்த முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. கால்களை வாழை நாரால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், கட்டிய இடத்தில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அப்பா அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்ட வேகத்தில் எனக்குக் கை கூசியது. அது பயத்தில் என்மேல் மூத்திரம் பெய்தது. நான் கீழே விட்டுவிட்டேன்.

"பழகிக்கோ. ரெண்டு நாளைக்கு இது ஒன்னோடது" என்றார் அப்பா.

அதற்கு மறுநாள்தான் படம் எழுதுகிறவர் வந்தார். பழைய சைக்கிளின் பின்னால் பலகைகளைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர் அவற்றை அவிழ்த்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்ததும் நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பலகைகளில் ஏற்கெனவே பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கவுன் இருந்தது, நாற்காலி இருந்தது, காலில் வெள்ளைக் காலுறையும் கறுப்புச் சப்பாத்தும் இருந்தன. தலை மட்டும் இல்லை. கழுத்து வரைக்கும் எழுதி, அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு நிறமாக விட்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இடது கை ஒன்றுபோல வளைந்திருந்தது. அந்த வளைவுக்குள்ளும் ஒரு வெள்ளைப் பள்ளம், பிராணிக்காக. தலையில்லாத பிள்ளைகள் வரிசையாக எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து, எதையோ வாங்கிக்கொள்ளக் கையை வளைத்துக் காத்திருந்தார்கள். சாயத்துக்கு அடியில் பூசியிருந்த வஜ்ஜிரப் பசையின் நாற்றம், வேகவைத்த எலும்பு நாற்றம், அறை முழுக்க வந்தது.

"ஒடம்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒண்ணுதான் சார். மூஞ்சியும் மிருகமுந்தான் வேற வேற. முன்னாடியே எழுதி வெச்சுக்கிட்டா வேல சீக்கிரம் முடியும்" என்றார்.

அப்பா நீலக் கவுனைத் தேர்ந்தெடுத்தார். துரை மகள் படத்திலும் நீலக் கவுன்தானாம். என்னிடம் அப்படி ஒரு கவுனே கிடையாது. இருந்த நல்ல கவுன் மஞ்சள், அதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே குமட்டலாக இருந்தது. தூரிகையை மண்ணெண்ணெயில் அலசிவிட்டு வாயில் வைத்து உதட்டால் நுனி பிடிப்பார். உதட்டோரத்தில் பச்சையும் சிவப்பும் காய்ந்து வெடித்திருந்தன. பேசும்போது பல்லில் நீலம் தெரியும். அதே விரலால் என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்புவார். மண்ணெண்ணெயும் வெற்றிலையும் கலந்த வாடை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, இவ்வளவு செவப்பா எழுதுறீங்க? பிள்ள மாநிறம்ல" என்றாள்.

"கைய முன்னயே எழுதியாச்சும்மா. மூஞ்சிய கைக்கு ஏத்தாப்புலதான் போடணும். இல்லாட்டி வேற யாரோட தலையவோ ஒட்ட வெச்ச மாதிரி இருக்கும்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "அப்படியே இருக்கட்டும்" என்றார். இப்படித்தான் படத்தில் எனக்கு உரித்த இறால் மாதிரி ஒரு நிறம் வந்தது.

முகம் முடிந்ததும் சாமான்களை மூடினார். மெர்டேக்காவுக்குப் பிறகு கடைக்காரர்கள் எல்லாரும் பலகையைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்த சமயம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. "மிருகத்த நாளைக்குக் காலையில போட்டுர்றேன். அதுக்கப்புறம் என்னால வரமுடியாது சார், தீவாளிக்கு முன்ன எடமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூடையில் கிடந்த சருகுமான் அன்று முழுக்க எதையும் தின்னவில்லை. வள்ளிக்கிழங்கு இலை வைத்தேன், தண்ணீர் வைத்தேன். அது கூடையின் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு நடுங்கியது. யாராவது நடந்தால் பலகைத் தரை அதிரும், அந்த அதிர்வுக்கு அதன் உடம்பு மொத்தமும் தூக்கிப்போடும். எனக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் வரவில்லை. பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதைத் தொட வேண்டியிருக்குமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அம்மா கூடையைத் திறந்தாள். அது பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் நேராக நீட்டிக்கொண்டிருந்தன. வாய் கொஞ்சம் திறந்து, நாக்கு சாம்பல் நிறத்தில் பல்லுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் எறும்பு ஏறியிருந்தது.

"செத்துப்போச்சுங்க. பொதைச்சிடலாம்" என்றாள்.

அப்பா குனிந்து பார்த்தார். அதற்குள் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. படம் எழுதுகிறவர் உள்ளே வந்து கூடையை எட்டிப் பார்த்தார்.

"பாகுஸ்" என்றார், நல்லது என்று. "உயிரோட இருந்தா ஒதைக்கும். இது ஆடாம அசையாம கெடக்கும். பிள்ளைய உக்காரச் சொல்லுங்க."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "பிள்ள மடியில பொணத்தையா வைப்பாங்க? வேணாங்க."

"மிருகந்தானே. வாராவாரம் கோழிய உரிக்கிற கையிதானே ஒனக்கு? ஒரு மணி நேரம். இன்னிக்கி விட்டா இவரு வரமாட்டாரு."

"கோழி வேற, இது வேற."

"என்னா வேற?"

அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் வேறுதான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்பா சருகுமானை எடுத்து வந்தார். விறைத்த கால்கள் என் கையின் வளைவுக்குள் அடங்கவில்லை, நாலு குச்சிகள் போலத் துருத்திக்கொண்டு நின்றன. அப்பா அவற்றை ஒவ்வொன்றாக மடக்கினார். மடக்கும்போது நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. அப்பாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது. பிறகு அதை என் மடியில் வைத்து, என் இடது கையை எடுத்து அதன்மேல் சுற்றிவிட்டார். முந்தாநாள் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தது இப்போது கிணற்றுக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. ரோமம் ஒரு பக்கம் படிந்து பிசுபிசுத்தது.

"கண்ணத் தொறக்கணுமே" என்று சொல்லிக்கொண்டே படம் எழுதுகிறவர் வந்து கட்டைவிரலால் அதன் இமையை மேலே தள்ளினார். கண் மங்கிப்போயிருந்தது. மூச்சு பட்ட கண்ணாடி போல ஒரு மூட்டம். அவர் விரலை நாக்கில் நனைத்து அந்தக் கண்ணைத் துடைத்தார். ஈரம் பட்டதும் பளபளத்தது. திருப்தியாக நடந்துபோய்த் தூரிகையை எடுத்து, மறுபடி வாயில் வைத்து நுனி பிடித்தார்.

வாந்தி எடுத்தால் அதன்மேல்தான் எடுக்க வேண்டும். அதனால் விழுங்கிக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறியது. பலகை வீட்டின் தகரக் கூரை சூட்டைக் கீழே இறக்கியது. சருகுமானின் வயிறு என் தொடையில் அழுந்திய இடத்தில் ஏதோ ஈரமாகக் கவுனுக்குள் இறங்குவதை உணர்ந்தேன். பழுப்பு நிறம் மஞ்சள் துணியில் மெல்லப் பரவியது. வாடை அப்போதுதான் எழ ஆரம்பித்தது. எறும்புகள் அதன் மூக்கிலிருந்து கிளம்பி என் மணிக்கட்டில் ஏறின. நான் கையை உதறப் போனேன்.

"அசையாதே" என்றார் அப்பா.

அவர் என் பக்கம் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் படத்தில் இருந்தவள் நன்றாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பின்கட்டு வழியாக வெளியே போயிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலி தாண்டினால் கம்போங் செட்டி, தலைமுறைகளாக மலாக்காவில் வாழ்கிற செட்டிகளின் குடியிருப்பு. அங்கே முதல் வீட்டில் ஒரு வயதான செட்டிப் பெண்மணி இருந்தார். சாரோங்கும் கெபாயாவும் கட்டுவார், நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். எங்களைப்போலவே கோயிலுக்குப் போவார், ஆனால் தமிழ் பேச வராது, அவர்கள் வீட்டுப் பேச்சு ஒரு மாதிரி மலாய்தான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிடுவதைப் போல நானும் அவரைப் பெரியம்மா முறையாகப் பீபிக் என்பேன். அம்மாவின் சொல் அப்பாவிடம் எடுபடாது, வெளியாள் முன்னால் தலைகுனிவதுதான் அவருக்கு ஆகாது. அது தெரிந்துதான் அம்மா பீபிக்கைக் கூட்டிவந்தாள்.

பீபிக் முன்னறைக்குள் நுழைந்து என்னைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். முகம் கோணியது.

"பங்காய் தாரோ அத்தாஸ் பூடாக்?" என்றார். பிள்ளை மேல் செத்த பிணத்தையா வைப்பது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அப்பாவிடம் எதையோ சாதாரணமாக விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். மலாயில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், படம், துரை, இன்னும் கொஞ்ச நேரம் என்று. பீபிக் காதில் வாங்கவே இல்லை. என் கையை விலக்கி, சருகுமானைத் தன் சாரோங்கின் முன்மடிப்பில் ஏந்தி எடுத்துக்கொண்டார்.

"தோட்டத்துல பொதைக்கப் போறீங்களா?" என்று மலாயில் கேட்டார் படம் எழுதுகிறவர். "என்கிட்டக் குடுத்தா கறி வீணாப் போவாதே. நல்ல கறி, மசாலா தூக்கலாப் போட்டா வாடை தெரியாது."

பீபிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெளியே போனார். நான் எழுந்து ஓடிப்போய் வாசல் படியில் வாந்தி எடுத்தேன்.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் தேய்த்தாள், சவர்க்காரம் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அந்தக் கவுனை அடுப்பில் போட்டு எரித்தாள். ஆனாலும் இடது கையின் உள்பக்கத்தில் அந்தச் சில்லிப்பு இருந்துகொண்டே இருந்தது. சோற்றைப் பிசையும்போது விரலுக்குள் ரோமம் இருப்பதாகத் தோன்றும். கொஞ்ச நாளைக்கு அம்மாதான் ஊட்டிவிட்டாள். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் படம் வந்து சேர்ந்தது. வார்னிஷ் பளபளத்தது. சருகுமானின் முகத்தையும் முன்கால்களையும் பார்த்து எழுதியிருந்தார். பின்பக்கத்துக்கு வருவதற்குள்தான் பீபிக் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே அவர் தன் கைப்பழக்கத்தில் மிச்சத்தை எழுதி முடித்திருந்தார். தடித்த நாய்க்கால், சுருண்ட நாய்வால். முன்பாதி மானும் பின்பாதி நாயுமாக ஒரு பிராணி, உரித்த இறால் நிறத்தில் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. அந்தப் பெண்ணின் வாய் லேசாகச் சிரித்தது. நான் அன்று சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் என்னுடையவை. ஒவ்வொரு நொடியும் எதையோ விழுங்கிக்கொண்டிருந்த கண்கள்.

அப்பா அதை முன்னறையில் மாட்டிவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தார். வாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தீபாவளியன்று துரையும் துரைசானியும் வந்தார்கள். கம்பெனிக் காரிலிருந்து இறங்கிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். துரை நல்ல உயரம், நிலைப்படியில் குனிந்தார். துரைசானி சிவந்த கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தார். படத்தைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"எங்கள் வீட்டுக் கவுன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். "நாற்காலியும் எங்கள் வீட்டு நாற்காலிதான். ஆனால் இது நாய் இல்லையே. இது என்ன?"

"சருகுமான், மேடம். மகளின் செல்லப் பிராணி" என்றார் அப்பா. ஆபீசில் பேசுகிற ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை நான் வீட்டில் கேட்டதில்லை.

"எங்கே இருக்கிறது? நான் பார்க்கலாமா?"

இதை அப்பா எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் தடுமாறினார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"காட்டில் விட்டுவிட்டோம், மேடம். நாட்டுக்கே விடுதலை கிடைத்த நேரம். அதுவும் சுதந்திரமாக இருக்கட்டும் என்று மகள்தான் ஆசைப்பட்டாள்."

துரை தலையை ஆட்டி ரசித்தார். துரைசானி நெஞ்சில் கைவைத்து என்னைப் பார்த்தார். "எவ்வளவு நல்ல பெண்" என்றார்.

நான் அதிரசமும் முறுக்கும் வைத்த தட்டை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றிருந்தேன். செத்ததை மடியில் வைத்ததைவிட இந்தப் பேச்சு எனக்குக் கேவலமாக இருந்தது. அந்த நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. அதை வைத்துச் சொன்னேன்.

"அது செத்துவிட்டது. நான் வைத்திருந்தபோதே செத்துத்தான் இருந்தது."

துரைசானிக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. குனிந்து, "என்ன சொன்னாய்?" என்றார்.

"படம் எழுதும்போது செத்திருந்தது. அப்பா காலை மடக்கினார். எறும்பு வந்தது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கீழே இறங்கித் தட்டைப் பிடித்திருந்த என் கைகளில் வந்து நின்றது. கையில் எடுத்திருந்த அதிரசத்தில் ஒரு கடி கடித்திருந்தார். அதை மெல்லாமல் வாயில் அப்படியே வைத்திருந்தார். பிறகு கைக்குட்டையை வாயில் ஒற்றிக்கொண்டார். மிச்சத்தைத் தட்டின் ஓரத்தில், மற்றவற்றில் படாமல், வைத்தார். கால்களை இழுத்து நாற்காலிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

எனக்கு அது புரிந்தது. அந்த முகச்சுளிப்பு எனக்குப் பழக்கமானதுதான், நானே பல நாளாக அப்படித்தான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இன்னொருவர் என்னை அப்படிப் பார்ப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அப்பா சிரித்தார். "சின்னப் பிள்ளை, கதை கட்டுவாள்" என்றார். துரையும் சிரித்தார். பேச்சு ரப்பர் விலைக்குத் திரும்பியது. அம்மா வேறு தட்டில் வேறு பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கார் திரும்பிப் போனதும் அப்பா அடிப்பார் என்று சுவரோரமாக நின்றேன். அவர் அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு மட்டுந்தான் அருவருப்பா?" என்றார். "அதோட கால மடக்கினது யாரு? நான். அப்ப ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா ஒனக்கு? வேணும்னுதான் மடக்குனேன். நாளைக்கு நீ யாரு வீட்டு வாசல்லயும் போயி நிக்கக் கூடாதுன்னு மடக்குனேன்."

அவருக்கும் குமட்டியது என்று தெரிந்ததும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. தனக்குக் குமட்டியதைத் தூக்கி என் மடியில் வைத்தாரே என்றுதான் தோன்றியது. அவருக்கு ஒன்றும் தோன்றாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அன்றிலிருந்து அவர் கையால் எதைக் கொடுத்தாலும், பழமோ மிட்டாயோ, வாங்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்துவிடுவேன். அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசியதில்லை.

துரை கப்பல் ஏறுவதற்கு முன்பே அப்பாவைப் பெரிய கிராணி ஆக்கிவிட்டார். அந்த முடிவைத் தீபாவளிக்கு முன்பே எடுத்துவிட்டதாக ஆபீசில் பேசிக்கொண்டார்களாம். படத்தைப் பார்த்தோ நான் சொன்னதைக் கேட்டோ எதுவும் மாறவில்லை. சருகுமான் சும்மாதான் செத்தது. ஆனால் அப்பா அப்படி நினைக்கவில்லை. அந்தப் படம் வந்த நேரம் நல்ல நேரம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைக்கிற வேலை எனக்கு. ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு துடைப்பேன். கல்யாணமாகிப் போகிற வரைக்கும் துடைத்தேன்.

எனக்குப் பதினோரு வயதில் ஒரு தங்கை பிறந்தாள். தவழும்போதே அந்தப் படத்தின் கீழே போய் உட்கார்ந்து மேலே பார்ப்பாள். பேச வந்ததும் அந்தப் பிராணிக்கு ஒரு பெயர் வைத்தாள். மானா நாயா என்ற கேள்வியே அவளுக்கு வரவில்லை. தின்னும் பிஸ்கட்டில் ஒரு துண்டைப் படத்தை நோக்கி நீட்டுவாள். காய்ச்சலில் கிடந்தபோது படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அழுதாள். அப்பா கழற்றிக் கொண்டுபோய் வைத்தார். எனக்கு அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை.

அப்பா காலமான பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டோம். படத்தை எரித்துவிடலாம் என்றேன். தங்கை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்துரு, அக்கா."

"அது செத்துப்போனது, தெரியுமா ஒனக்கு? என் மடியில செத்த பொணத்த வெச்சு எழுதினது."

"தெரியும். அம்மா எப்பவோ சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

"ஒன் மடியில செத்ததுதான். எங்கிட்ட அது சாகலையே. சின்ன வயசுல எனக்கு வேற என்னக்கா இருந்துச்சு? நீ என்னத் தூக்கவே மாட்ட. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிப்ப."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னாள். படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கோலாலம்பூருக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது அது அவள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அது செல்லம்தான். வாலை மட்டும் பார்த்துவிட்டு நாய் என்று ஒருவனும், முகத்தைப் பார்த்து மான் என்று ஒருத்தியும் சண்டை போடுவார்கள். வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், அந்தக் காலத்து நாட்டுப்புற ஓவியம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். போனமுறை வந்த ஒருவர், பிள்ளைக்கும் பிராணிக்கும் இடையில் எவ்வளவு பாசம் பாருங்கள், கையை எப்படி வளைத்துப் பிடித்திருக்கிறாள் என்று என்னிடமே காட்டினார். நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவுவதற்கு எழுந்து உள்ளே போனேன்.